முக்கிடங்கின் மூலைவிட்டம்

என் பிரியாவிடைக்கு வெட்டிய கேக் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே நஸ்ரின் கேட்டாள். "ராத்தா, குறை நினைக்காதீங்க. நாப்பத்தாறு வயசுல போய் டிகிரி படிச்சீங்களாமே. அதுவும் கணக்கு. கையில வேலை இரிந்திச்சி, பென்சன் இரிந்திச்சி. என்னத்துக்கு?"

நஸ்ரின் எங்கள் கந்தோரில் என் கதிரைக்கு வந்திருக்கிற பிள்ளை. கெட்டிக்காரி. அவள் பென்சில் பிடிப்பதில்லை. வள்ளத்தின் அடியில் ஒரு கருவியைக் கட்டி அனுப்புகிறாள். அது ஒலி அனுப்பி ஆழத்தைத் தானே எழுதிக்கொண்டு வருகிறது. கணினியில் போட்டால், நான் மூன்று கிழமை குனிந்திருந்து செய்த வேலை தேத்தண்ணி ஆறுவதற்குள் படமாய் விழுகிறது. எனக்கு அதில் பொறாமை இல்லை. படம் பார்க்க மிகவும் அழகாயிருக்கிறதே என்று ஒரு சந்தேகம் மட்டும் உண்டு.

அன்றைக்கு அவளிடம், "சும்மா இரிக்க ஏலாம" என்று சொல்லிச் சிரித்துவிட்டேன். கேக்கும் கையுமாய் நிற்கிற ஆளுக்குச் சொல்லி முடிகிற கதை அல்ல அது. இப்போது வீட்டில் நேரம் கிடக்கிறது, எழுதுகிறேன்.

தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களைக் கிளப்பியபோது எனக்கு இருபத்து நாலு வயது. வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினோம். முகாமில் இருந்துகொண்டே தொழில்நுட்பக் கல்லூரியில் வரைதல் படித்து, போட்டிப் பரீட்சை எழுதி, புத்தளத்தில் ஓர் அரசாங்கக் கந்தோரில் படவரைஞராகச் சேர்ந்தேன். இந்த மூன்று வசனத்துக்குள் இருப்பதையெல்லாம் எழுத வேறொரு கட்டுரை வேண்டும். இது அது இல்லை.

எங்கள் கந்தோரின் வேலை, கடல் தரைக்குள் புகுந்து கிடக்கிற களப்பின் அடி எப்படி இருக்கிறது என்று படம் போடுவது. ஆழம் அளப்பது ஆண்களின் வேலையாக இருந்தது. கரையில் இரண்டு கம்புகளை ஒன்றன்பின் ஒன்றாய் நடுவார்கள். இரண்டும் ஒரே கம்பாய்த் தெரிகிற நேரில் வள்ளத்தை ஓட்டினால் கோடு வளையாது. இருபது மீற்றருக்கு ஒரு தடவை ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழத்தை வாசிப்பார்கள். ஒருவர் கொப்பியில் எழுதுவார். நீர் ஏறுவதும் வற்றுவதும் கணக்கைக் குழப்பும் என்பதால், கரையோரம் நட்ட அளவுக்கம்பை அரைமணிக்கொரு தடவை பார்த்து அதையும் எழுதுவார்கள். கொப்பி என் மேசைக்கு வரும். நான் ஒவ்வோர் ஆழத்தையும் தாளில் அதனதன் இடத்தில் எழுதி, ஒரே ஆழமான இடங்களைக் கோட்டால் இணைப்பேன். கோடு சுற்றி வந்து தன்னோடு சேர்ந்தால் அது கிடங்கு, அதாவது பள்ளம், அல்லது திட்டு. சேராமல் தாளின் ஓரம்வரை ஓடினால் அது வாய்க்காலாக இருக்கலாம். பதினெட்டு வருடம் இதைச் செய்தேன். ஒரு நாளும் நான் வள்ளத்தில் ஏறியதில்லை, ஏறக் கேட்டதுமில்லை. தொண்ணூறில் ஏறியது போதும் என்றிருந்தேன்.

எங்கள் தலைவர் குணதாச சேர். சிலாபத்துச் சிங்களவர். மீன் சந்தையில் பழகிய தமிழ், சில சமயம் எங்களுடையதைவிட நல்ல தமிழ். படத்தாளைத் தொடுவதற்கு முன் கை கழுவுவார். எழுந்து நின்று மேலிருந்து பார்க்க மாட்டார்; கதிரையை இழுத்துப் போட்டு, மேசை மட்டத்துக்குக் கண்ணைத் தாழ்த்திப் பக்கவாட்டில் பார்ப்பார், கோணல் பலகையைத் தச்சன் பார்ப்பதுபோல. பிறகு ஏதாவது ஒரு கோட்டின்மேல் விரலை வைத்து, சிங்களத்தில் தங்கச்சி என்று கூப்பிட்டுக் கேட்பார்: "நங்கி, இது கண்டதா, கேட்டதா?"

கண்டது என்றால் கொப்பியில் இருக்கிற இலக்கங்கள் சொல்லிப் போட்ட கோடு. கேட்டது என்றால் யாரோ சொன்ன கதைக்காகவோ, அழகுக்காகவோ போட்ட கோடு. இலக்கம் இல்லாத இடத்தில் கோடு கூடாது, வெள்ளையாய் விட வேண்டும். என் முதல் வருடத்தில் ஒரு முழுப் படத்தையும் தன் கையாலேயே அழித்துவிட்டு, தேத்தண்ணி ஊற்றித் தந்து சொன்னார்: "வெள்ளை விடுறதுக்கு வெக்கப்படாத. தெரியாததத் தெரியாது எண்டு காட்டுற படம்தான் நல்ல படம்." குரல் உயர்த்தி நான் கேட்டதேயில்லை. குரல் உயர்த்தியிருந்தால் எனக்கு வசதியாயிருந்திருக்கும், கோபப்பட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

இனிக் கணக்குக்கு வருகிறேன். யுத்தம் முடிந்த பிறகு என் தம்பியின் மகன் பல்கலைக்கழகத்துக்குப் போனான். விடுமுறைக்கு வந்தவன் ஒரு புத்தகத்தை என் வீட்டு மேசையில் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டான். திறந்து பார்த்தேன். பக்கம் முழுக்க என்னுடைய கோடுகள்! வட்டத்துக்குள் வட்டம், நெருங்கி விலகி, அப்படியே. யாரோ என் லாச்சியைத் திறந்து களவெடுத்துப் புத்தகமாய் அடித்ததுபோல இருந்தது. பக்கத்தில் x என்றும் y என்றும் ஏதேதோ எழுதியிருந்தது, ஒன்றும் விளங்கவில்லை. பதினாறு வருடம் நான் செய்த வேலைக்கு ஒரு பாடம் இருக்கிறது, எனக்குத் தெரியாது. அந்த அரிப்பு என்னை விடவில்லை. அடுத்த வருடம் வார இறுதிப் பட்டப்படிப்புக்குப் பதிந்தேன். "பேரப்பிள்ளை எடுக்கிற வயசுல புத்தகப் பையா" என்று வீட்டுக்காரர் சிரித்தார். ஆனாலும் சனிக்கிழமைகளில் சோறு ஆக்கி வைத்தது அவர்தான்.

முதல் நாள் வகுப்புக்குள் நான் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். விரிவுரையாளர் என்று நினைத்துவிட்டார்கள். உண்மையான விரிவுரையாளர் பின்னால் வந்தார்: துஷ்யந்தி மிஸ், முப்பது வயதிருக்கும், கொழும்பிலிருந்து விடியப் பஸ் எடுத்து வருவார். ஒரு கையில் சோக்கும் மறு கையில் மீன் பணிசுமாய்ப் படிப்பிப்பார். முதல் வருடப் பாடங்களைத் தத்தித் தாவிக் கடந்தேன். இரண்டாம் வருடத்தில்தான் பல்மாறி நுண்கணிதம் வந்தது. புத்தகத்தில் பார்த்த என் கோடுகள் அதில்தான் இருந்தன.

அதே மாதங்களில்தான் முக்கிடங்கு வேலையும் வந்தது.

குறிஞ்சிப்பிட்டிப் பக்கம் களப்பில் ஒரு புதிய இறங்குதுறை கட்டத் தீர்மானித்திருந்தார்கள். பெரிய வள்ளம் வர வேண்டுமென்றால் முன்னால் ஆழப்படுத்த வேண்டும். தோண்டுகிற சேற்றை எங்கேயாவது கொட்ட வேண்டும். அங்கே முக்கிடங்கு என்று ஓர் இடம் உண்டு. சுற்றிவர இடுப்பளவு தண்ணீர், நடுவில் மூன்று ஆழக் கிடங்கு. அதற்கு அப்பால் களப்பு ஒடுங்கி, தண்ணீருக்குள் வேர் ஊன்றி நிற்கிற கண்டல் காட்டுக்குள் ஒரு கைபோல நீண்டு போகிறது. அந்த ஒடுக்கத்தில் மீனும் இறாலும் பிடித்துத்தான் கரைக் குடும்பங்கள் பலதும் சீவித்தன. அதற்குள் தண்ணீர் போவதும் வருவதும் பரந்த ஆழங்குறைந்த பக்கத்தால்தான் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள், நாங்களும்தான். கிடங்கை நிரப்புங்கள் என்று கேட்டவர்களும் கரைச் சனமேதான். ஆள் விழுங்குகிற கிடங்கு அது என்றார்கள்.

முக்கிடங்குக்கு மேலால் ஒருவரும் வள்ளம் ஓட்டுவதில்லை, சுற்றித்தான் போவார்கள். வேறு வழியில்லாமல் போனால் ஒரு கிடங்கை மட்டும் குறுக்கே வெட்டி, உடனே ஆழங்குறைந்த பக்கம் ஏறிவிடுவார்கள். மூன்றையும் ஒரே ஓட்டத்தில் கடந்தால் கிடங்கு ஓர் ஆளைக் கேட்கும் என்பது கத்தோலிக்க வேதக்காரருக்கும் எங்கள் ஆட்களுக்கும் பொதுவான பயம். ஆகவே எங்கள் அளவைக்காரரும் அதை மதித்தே ஓடினார்கள். கிழக்கு மேற்காய் மூன்று கோடு, எண்பது மீற்றருக்கு ஒன்று. ஒவ்வொரு கோடும் ஒரு கிடங்கை வெட்டியது. பிறகு சரிபார்ப்பதற்காக வடக்குத் தெற்காய் நடுக் கிடங்கின் மேலால் ஒரு குறுக்குக்கோடு. அது மற்ற இரண்டு கிடங்கையும் தொடவில்லை, ஏனென்றால் வடக்குக் கிடங்கு கொஞ்சம் கிழக்கே தள்ளியும், தெற்குக் கிடங்கு கொஞ்சம் மேற்கே தள்ளியும் கிடந்தன.

கொப்பி வந்தது. வடக்குக் கோட்டில் நாலு மீற்றர் ஆழம். நடுக் கோட்டில் இரண்டு தசம் ஆறு. தெற்கில் நாலுக்கு மேல். ஒரு கிடங்கிலிருந்து அடுத்த கிடங்குக்குப் போகிற நேர்வழியில் ஓர் இலக்கமும் இல்லை. நான் மூன்று வட்டம் போட்டேன். ஊர் வாயில் எத்தனையோ தலைமுறையாய் மூன்று கிடங்கு இருக்கிறது, கொப்பியிலும் மூன்று ஆழம் இருக்கிறது, பிறகென்ன? வெள்ளையாய் விட வேண்டிய இடத்தில் கோட்டை வளைத்து மூடினேன். சேர் அன்றைக்கு அவசரத்தில் இருந்தார். நடு வட்டத்தில் விரலை வைத்து, "கண்டதா?" என்று கேட்டார். "கண்டது சேர், குறுக்குக்கோடும் காட்டுது" என்றேன். பொய்யில்லை. கிழக்கே போனாலும் மேற்கே போனாலும், வடக்கே போனாலும் தெற்கே போனாலும் அந்த இடத்திலிருந்து அடி மேலே ஏறியது. சேர் கையெழுத்து வைத்தார். நடுக் கிடங்குதான் சிறியது, துறைக்கும் கிட்ட. சேற்றை அதற்குள் கொட்டுவதென்று முடிவாயிற்று.

சேறு கொட்டத் தொடங்குவதற்கு முந்திய சனிக்கிழமை. துஷ்யந்தி மிஸ் பலகையில் ஒரு கோவை எழுதினார்: x வர்க்கம், சக (கூட்டல்) y வர்க்கம், சய (கழித்தல்) நாலு xy. "பூச்சியத்தில இது என்ன வடிவம்? x வழிய பாருங்கோ, y வழிய பாருங்கோ."

x வழியே போனால் x வர்க்கம், மேலே ஏறுகிறது. y வழியேயும் அப்படியே. இரண்டு பக்கமும் ஏறினால் என்னவென்று என்னிடமா கேட்பது? வகுப்பில் வாயே திறக்காதவள் கையை உயர்த்திச் சொன்னேன்: "கிடங்கு, மிஸ்."

பிள்ளைகள் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை. "கிடங்கெண்டே வைப்பம். எத்தனை திசையில பாத்தீங்க?"

"ரெண்டு."

"ஓரிடத்தில நிக்கிற ஆளுக்குப் போக ரெண்டு திசைதானோ இருக்கு?"

பலகையில் மூலைவிட்டமாய் ஒரு கோடு இழுத்தார். y-க்குப் பதிலாக x போடச் சொன்னார். நானும் போட்டேன். x வர்க்கம், இன்னொரு x வர்க்கம், அதிலிருந்து நாலு x வர்க்கம் போனால் சய இரண்டு x வர்க்கம். கீழே இறங்குகிறது. மூலைவிட்டத்தில் இரண்டு பக்கமும் கீழே, கீழே. இரு திசையில் ஏறுகிற அதே இடம் மூன்றாவது திசையில் இறங்குகிறது. இதற்குச் சேணப் புள்ளி என்று பெயர் என்றார் மிஸ். கற்பிட்டி ரோட்டில் கழுதை கூட்டம் கூட்டமாய் நிற்கும், ஒன்றின் முதுகிலும் நான் சேணம் கண்டதில்லை. ஆனால் எனக்கு அந்த உவமை தேவைப்படவில்லை. வடக்குக் கிடங்கு கிழக்கே தள்ளி, தெற்குக் கிடங்கு மேற்கே தள்ளி, நடுவில் ஆழங்குறைந்த ஒன்று. கொப்பியின் ஓரத்தில் மூன்று புள்ளி வைத்து ஒரு கோடு இழுத்தேன். மூலைவிட்டம்.

அது மூன்று கிடங்கு இல்லையென்றால், ஒரே வாய்க்கால். நடுவில் இருப்பது கிடங்கு அல்ல, அந்த வாய்க்காலின் வாசற்படி. ஒடுக்கத்துக்குள் போகிற தண்ணீர் அந்தப் படியைத் தாண்டித்தான் போகிறதென்றால், அதில் சேற்றைக் கொட்டுவது ஒரு வீட்டின் வாசலை மண்போட்டு மூடுகிற வேலை. உள்ளே தண்ணீர் நின்று புழுங்கும், மீன் சாகும். அதற்கு வழிகாட்டிய படம் என் கையால் போட்டது.

வகுப்பு முடிந்து மிஸ் பஸ்ஸுக்கு நிற்கும்போது கொப்பியைக் காட்டினேன். "மிஸ், எங்களிட்ட கோவை இல்ல. இலக்கம் மட்டும்தான் இரிக்கு. எப்படிக் கண்டுபிடிக்கிற?"

அவர் நன்றாகப் பார்த்தார். "x வழியயும் y வழியயும் மட்டும் போனால் இந்த xy உறுப்பு கண்ணில படாது. ஆனா ஒரு கோட்டிலயிருந்து பக்கத்துக் கோட்டுக்குப் போகேக்க ஆழமான இடம் நகருதெண்டால் அது இருக்கெண்டு அர்த்தம். உங்கட இது நகருதே." பிறகு சொன்னார்: "ஆனா இது நிரூபணம் இல்ல. மூண்டு கிடங்காவும் இருக்கலாம். மூலைவிட்டத்தில ஓடிப் பாத்தால்தான் தெரியும்." பஸ் வந்தது. ஏறும்போது, "எனக்கும் சொல்லுங்கோ, என்ன வந்ததெண்டு" என்றார். கண்ணில் அதே அரிப்பு.

ஞாயிறு முழுவதும் ஒன்றும் ஓடவில்லை. பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரிய வராது என்ற எண்ணமும் வந்தது. அதை மறைக்க மாட்டேன். கடைசியில் என்னை எழுப்பி நிறுத்தியது நேர்மை என்று சொன்னால் அது பெருமைக்குச் சொல்வது. அங்கே கிடங்கா வாய்க்காலா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. தெரியாமல் இருக்க ஏலாது.

திங்கட்கிழமை ஏழரைக்கே சேரின் மேசைக்கு முன்னால் நின்றேன். படத்தை விரித்தேன். அவர் போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார். கதிரையை இழுத்தார், கண்ணைத் தாழ்த்தினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நடு வட்டம் மூடுகிற இடத்தில், இலக்கமே இல்லாத அந்த வளைவில் விரலை வைத்தார்.

"நங்கி, இது?"

"கேட்டது, சேர்."

பதினெட்டு வருடத்தில் நான் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அழுகை வந்துவிட்டது. சேர் பார்க்காததுபோல் சன்னல் பக்கம் திரும்பினார். "நானும் கேட்டதுக்குத்தான் கையெழுத்து வச்சிருக்கன்" என்றார். பிறகு திரும்பி, "வியாழக்கிழமை கொட்டத் தொடங்குவாங்க. வகுப்புல மிஸ் சொன்னா எண்டு நான் கடிதம் எழுத ஏலாது. இலக்கம் வேணும். ஒரு கோடு, மூலையாலே" என்றார்.

செவ்வாய்க்கிழமை கரைக்குப் போனோம். எங்கள் வேலைக்கு வழமையாய் வள்ளம் ஓட்டுகிறவர் சவிரி அண்ணன். ஐம்பது கடந்தவர், வேதக்காரர். வலையை விரித்து ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தவர், சேர் சொன்னதைக் கேட்டதும் ஊசியைக் கீழே வைத்தார்.

"மூண்டையும் ஒரே ஓட்டத்திலயா? ஏலாது சேர். என்ர மாமா நடுக் கிடங்கில போனவர். அதை மூடுங்க எண்டு கையெழுத்து வாங்கித் திரிஞ்சவன் நான். இப்ப நீங்க வந்து அது கிடங்கே இல்ல எண்டுறீங்க."

"இல்லையெண்டு சொல்லல்ல அண்ணன்" என்றேன். "தெரியாது எண்டு சொல்றம். மூடினாப் பிறகு தெரிஞ்சா, உங்கட ஒடுக்கத்துத் தண்ணி செத்திரும்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. வலையைத்தான் பார்த்தார். வேறு வள்ளக்காரரிடம் போகலாம் என்றால் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். வெளியூர் வள்ளம் கொண்டுவர நாளில்லை. எனக்கு அப்போது அந்தக் கட்டுப்பாட்டின் மீதே ஆவல் வந்தது. எது கூடாது என்று சரியாய்த் தெரிந்தால் எது கூடும் என்றும் தெரியுமே.

"அண்ணன், கூடாதது எது? மூண்டு கிடங்குக்கும் மேலால போறதா, இல்ல மூண்டையும் ஒரே ஓட்டத்தில போறதா?"

"ஒரே ஓட்டத்தில."

"ஒண்டிலயிருந்து நடுவுக்கு வந்து, கரை ஏறி, தரையில கால் வச்சிட்டு, திரும்பி நடுவிலயிருந்து மத்ததுக்குப் போனா?"

யோசித்தார். சேரும் யோசித்தார், ஏனென்றால் கோட்டை நடுவில் முறிப்பது எங்கள் ஒழுங்குக்கு மாறு. "நடு இடத்தை ரெண்டு தரமும் அளந்தா, ரெண்டு பாதியும் ஒட்டும்" என்றார் சேர் மெதுவாக.

"அது ரெண்டு ஓட்டம்" என்று ஒத்துக்கொண்டார் சவிரி அண்ணன். பிறகு முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆனா கேக்கிற ஆளும் வள்ளத்தில வரட்டும். படத்தை வீட்டிலயிருந்து போட்டிட்டு எங்களை மட்டும் அனுப்பக் கூடாது."

நியாயம்தான். ஆனாலும் அன்றிரவு முழுக்க உம்மாவின் குரல்தான் காதில். தொண்ணூறில் வள்ளத்தில் என்னை மடியில் சாய்த்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காதே மகள், திரும்பிப் பார்க்காதே என்று சொல்லிக்கொண்டே வந்தவர். புதன் காலை வள்ளத்தின் விளிம்பைப் பிடித்த கையை எடுக்க முடியாமல் நின்றேன். சேர் கொப்பியை வாங்கி வள்ளத்துக்குள் வைத்தார். கொப்பி போய்விட்டது, நானும் போக வேண்டியதாயிற்று. பிஸ்மி சொல்லி ஏறினேன்.

சேர் கரையில் கம்பு இரண்டையும் மூலைவிட்டத்துக்கு நேராக நட்டிருந்தார். காற்சட்டையை முழங்கால்வரை மடித்து, ஈயக்குண்டை அவரே பிடித்தார். சவிரி அண்ணன் சிலுவை அடையாளம் போட்டுவிட்டு இயந்திரத்தைத் தணித்தார். வடக்குக் கிடங்கிலிருந்து தொடங்கினோம்.

"நாலு."

எழுதினேன். அங்கே மட்டும் கிடங்கு என்றால் அடுத்ததோ அதற்கடுத்ததோ இடுப்பளவுக்கு ஏற வேண்டும்.

"மூண்டு தசம் எட்டு." பிறகு, "மூண்டரை."

பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மூண்டு தசம் ஒண்டு. ரெண்டு தசம் எட்டு. ரெண்டு தசம் ஆறு."

நடுவுக்கு வந்துவிட்டோம். இடையில் எங்கேயும் சுவர் இல்லை. ஒத்துக்கொண்டபடி சவிரி அண்ணன் வள்ளத்தை ஒதுக்கி, ஆழங்குறைந்த இடத்தில் இறங்கி, இரண்டு காலையும் மண்ணில் ஊன்றி நின்றார். எங்களையும் இறக்கினார். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில், நான் பதினெட்டு வருடம் வரைந்த களப்பின் அடியில் முதன்முதலாகக் கால் வைத்தேன். வழுவழுப்பாய் இருந்தது.

திரும்ப ஏறி நடுவை மறுபடி அளந்தோம். அதே இரண்டு தசம் ஆறு. அதிலிருந்து இரண்டு தசம் ஏழு, மூன்று, மூன்று தசம் நாலு, மூன்று தசம் ஒன்பது, நாலு தசம் ஒன்று. இரண்டு பக்கமும் இறக்கம். எனக்குச் சிரிப்பு வந்தது, சந்தோசத்தில் வருகிற சிரிப்பு. என் படம் பிழை என்று நிரூபணமாகிறது, எனக்குச் சந்தோசம்!

திரும்பும்போது நடுவில் ஒரு கணம் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார் சேர். கயிறு நேரே இறங்கவில்லை. ஒடுக்கத்தின் பக்கம் சாய்ந்து நின்றது. பெருக்கு நேரம், தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருந்தது. சவிரி அண்ணன் சாய்ந்த கயிற்றைத் தன் கையில் வாங்கி, அது இழுப்பதைப் பிடித்துப் பார்த்தார்.

அன்று பின்னேரமே கடிதம் போனது. "என் கையெழுத்துடன் அனுப்பிய படம் பிழையானது" என்றுதான் சேர் அதைத் தொடங்கியிருந்தார். என் பெயர் அதில் இல்லை. மேலிடத்தில் கூப்பிட்டு அவரை நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள் என்று பின்னர் அறிந்தேன். ஓய்வு பெற ஒரு வருடம் இருந்த மனிதர். அந்த வெட்கம் எனக்கு இன்றுவரை தீரவில்லை. சேறு கொட்டும் இடம் மாறியது. படத்தைப் புதிதாய்ப் போட்டேன்: வட்டங்கள் போய், நீண்ட ஒரு வாய்க்கால். துஷ்யந்தி மிஸ் அதை வகுப்பில் பலகையில் ஒட்டிப் படிப்பித்தார். பரீட்சையில் எனக்கு C. அதுவும் போதும்.

சில கிழமை கழித்து ஒரு காலையில் சவிரி அண்ணன் கந்தோருக்கு வந்தார். பூசைக்குப் போகிற சட்டை போட்டிருந்தார். "தங்கச்சி, அந்தப் புதுப் படத்தைக் காட்டுவியா?"

விரித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாமா விழுந்தது பெருக்கு நேரம். எனக்கு அப்ப இருவது வயசு. மூண்டு நாள் அந்தக் கிடங்குக்குள்ளயே சுழியோடினம். கிடங்குதானே, எங்கயும் போகாது, அதுக்குள்ளதான் கிடப்பான் எண்டு அம்மா சொல்லிக்கொண்டே இருந்தா. அவவுக்கு ஒரே தம்பி. கிடைக்கவே இல்ல." நிறுத்தினார். "பெருக்கில விழுந்தா எங்க கொண்டு போயிருக்கும்?"

இப்படி ஒரு கேள்வியை என் படத்திடம் யாரும் கேட்டதில்லை. பென்சிலின் பின்பக்கத்தால் வாய்க்கால் வழியே போனேன். தெற்குப் பள்ளம், அதிலிருந்து ஒடுக்கத்தின் வாய், பிறகு கண்டல் காடு நெருங்கி வாய்க்கால் முடிகிற மூலை. அந்த மூலையில் பென்சில் நின்றது.

"இது எங்கட வளவுக்குப் பின்பக்கம்" என்றார். "இங்க ஒருத்தரும் தேடேல்ல."

பிறகு கேட்டார்: "அம்மா இன்னும் இருக்கா. அவவுக்குச் சொல்லவா, விடவா?"

தெரிந்துகொள்வது நல்லது என்றே வாழ்நாள் முழுக்க நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் அதில் எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனாலும், "சொல்லுங்க அண்ணன்" என்றேன். "நானா இருந்தா எனக்குத் தெரியணும்."

ஞாயிறு பூசை முடிந்து அவர் அம்மாவை வள்ளத்தில் ஏற்றினார். இடத்தைக் காட்ட என்னையும் கூப்பிட்டார். மூலையில், கண்டல் வேருக்கு நடுவில் வள்ளத்தை நிறுத்தினார். அங்கிருந்து பார்த்தால் அவர்களுடைய வேலியும், வேலியில் காய்கிற உடுப்பும் தெரிந்தன. எண்பது வயதுக் கிழவி, கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு, வேலியைப் பார்த்தார், பிறகு தண்ணீரைப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. வள்ளத்து விளிம்பில் கையை வைத்து மெல்லக் குனிந்து கேட்டார்:

"இவ்வளவு கிட்டவாடா கிடந்தனீ?"